காத்தாடியை அழித்தேன், தாய்மாமனைக் காணோம்

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். மானம் போன கதை எங்கே போய்விடப்போகிறது, பின்னாலேயே வரும்.

சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் கல்யாண வீடுகளில் "போட்டோக்காரப் பிள்ளை" என்றால் நான்தான். (பிள்ளைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. என் படங்களில் அது தெரியாது. சொந்தத் தொழில் என்றால் சும்மாவா.) எங்கள் பக்கத்து மண்டபங்களில் லைட் போடுகிறவர்களுக்கும் எனக்கும் தீராத பகை. மாப்பிள்ளை முகத்தில் ஊதா அடிப்பார்கள், பெண் முகத்தில் பச்சை அடிப்பார்கள், நடுவில் நிற்கிற பூசாரிக்கு இரண்டும் பாதிப் பாதி. அந்த மூன்று பேரையும் மனித நிறத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவள் நான். முகத்தைப் பீங்கான் கிண்ணம் மாதிரி வழவழவென்று ஆக்காமல், பருவை மட்டும் எடுத்து மச்சத்தை விட்டுவைக்கிற கலை எனக்குத் தெரியும். வெளிறிப்போன வானத்துக்கு மேகம் வைக்கத் தெரியும். சுருளிப்பட்டியில் எடுத்த படத்துக்கு சுவிட்சர்லாந்து மலையை வைத்துக் கேட்பவர்களிடம், "பின்னால நம்ம மேகமலை நிக்குது, அது போதாதா?" என்று கேட்டுச் சம்மதிக்க வைக்கவும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நான், தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் தலையை எடுத்துவிட்டேன். ஏதோ ஒரு படத்தில் என்றால் பரவாயில்லை. மேடையில் அவர் நின்ற அத்தனை படத்திலும் எடுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு வேகத்தின் மேல் பைத்தியம். எங்கள் ஊர் வழக்கப்படி, முதல் குழந்தைக்கு மொட்டை போடுகிற சமயத்தில்தான் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் கைக்கு வரும். ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் "பிரிண்டுக்குப் போயிருக்குண்ணே" என்பார். எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பது அவருக்கே தெரியாது. நான் தேனியில் எடிட்டிங் படித்துவிட்டு வந்து, "நாம் ஒரே வாரத்தில் கொடுப்போம்" என்று சபதம் எடுத்துக்கொண்டேன். என் தைரியத்துக்குக் காரணம், சாப்ட்வேரில் இருந்த 'சிங்க்' என்கிற பொத்தான். ஒரு படத்தில் வெளிச்சம், நிறம் எல்லாம் சரிசெய்ய வேண்டியது. மீதிப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பொத்தானை அமுக்க வேண்டியது. முதல் படத்துக்குச் செய்த அத்தனை திருத்தமும் எல்லாப் படத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் காபி குடித்துவிட்டு வரலாம்.

நான் தனியாகப் பிடித்த முதல் கல்யாணம் சுருளிப்பட்டி ராஜாங்கம் வீட்டுக் கல்யாணம். பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர். ஒரே மகள் கௌசல்யா. மனைவி பாக்கியத்தின் அண்ணன் பெருமாள்சாமிக்குக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம். மலையிலேயே இருந்து இருந்து அவர் பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலக்கும்.

இந்தப் பெருமாள்சாமிக்கும் ராஜாங்கத்துக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஒரு ஃப்ளெக்ஸ். கௌசல்யா சடங்கான விசேஷத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் வைத்த ஃப்ளெக்ஸில், ராஜாங்கத்தின் பங்காளி ஒருவர் முகத்தை முறத்தளவுக்குப் போட்டு, தாய்மாமன் முகத்தைக் கீழே ஒரு மூலையில் எலுமிச்சம்பழத்தளவுக்குப் போட்டுவிட்டார்கள். சீர்த்தட்டுகளோடு ஜீப்பில் வந்த பெருமாள்சாமி, வண்டியை நிறுத்தி அதை அண்ணாந்து பார்த்தாராம். சீரை இறக்கினார், மருமகளுக்கு மாலை போட்டார், கை நனைக்காமல் மலையேறிவிட்டார். அதன் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

கல்யாணம் நிச்சயமானதும் பாக்கியம் தானே பஸ் ஏறிக் குமுளிக்குப் போய், அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று அழைத்துவிட்டு வந்தார். அவரும் வந்தார். உத்தமபாளையம் மண்டபத்தில் அவர் தலையில் பட்டு உருமா கட்டி மேடையேற்றினார்கள். மருமகளுக்கு வலப்பக்கம் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

மேடையேறும் முன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏத்தா, போட்டோக்காரப் பிள்ள. எம் மருமக பக்கத்துல நா நிக்கிற படம் ஒன்னு வேணும். மலையில எங்க வீட்டு நடுச்சுவத்துல மாட்டணும். எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கக் கூடாது."

"முறம் கணக்காப் போட்டுருவோம்ய்யா" என்றேன். வாய்க்கு வரி இல்லையே.

இப்போது தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி மேடைக்கு நேராக வைத்திருந்தேன். ஆட்கள் மாறிமாறி வருவார்கள், கேமரா அசையாது. பெருமாள்சாமி மேடையேறுவதற்கு முன்பே முதல் படத்தை எடுத்துவிட்டேன். கௌசல்யா யாரையோ பார்த்துச் சிரித்த படம், அவ்வளவு அழகு. ஆனால் அவளுக்கு வலப்பக்கத்தில் மண்டபத்தில் காற்றுக்காக வைத்த ஸ்டாண்டு காத்தாடி ஒன்று, தானும் சொந்தக்காரன்தான் என்பதுபோல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து ஆளைக் கூப்பிட்டுக் காத்தாடியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். காலியான இடத்தில் பெருமாள்சாமி வந்து நின்றார். காத்தாடி நின்ற அதே இடம். காத்தாடியின் அதே உயரம்.

வீட்டுக்கு வந்து அந்த முதல் படத்தை எடிட் செய்தேன். நிறம் சரிசெய்தேன், வெளிச்சம் சரிசெய்தேன், அழிக்கிற பிரஷ்ஷால் காத்தாடியின் தலையை ஒரே வட்டம் போட்டு அழித்தேன். சாப்ட்வேர் பக்கத்திலிருந்த செண்டுமல்லி அலங்காரத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து அந்த இடத்தில் நிரப்பியது. காத்தாடி இருந்த சுவடே இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிறகு மேடைப் படங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து 'சிங்க்' அமுக்கினேன். எந்தெந்தத் திருத்தத்தைப் பரப்ப வேண்டும் என்று அது மரியாதையாகக் கேட்டது. எதற்கு வஞ்சகம் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். நிறம் போயிற்று, வெளிச்சம் போயிற்று, காத்தாடியை அழித்த வட்டமும் கூடவே போயிற்று.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். முதல் படத்தைப் பார்த்தேன், கடைசிப் படத்தைப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் இருப்பதும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் அன்றைய கொள்கை. கடைசிப் படம் எடுத்தபோது பெருமாள்சாமி மேடையிலிருந்து இறங்கியிருந்தார். மற்ற படங்கள் திரையின் அடியில் தீப்பெட்டி அளவில் ஓடின. மேடை முழுக்கப் பூ. அதில் ஒரு கொத்து கூடுதலாக இருந்தது என் கண்ணில் படவில்லை.

சொன்னபடி ஒரே வாரத்தில் எல்லாம் தயார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுவீட்டு விருந்து. ராஜாங்கம் வீட்டுக் கூடத்தில் பெரிய டிவி. மட்டன் குழம்பு வாசம் தெருமுனை வரை வந்தது. பெருமாள்சாமி மலையிலிருந்து வந்து, கூடத்தில் போட்ட நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ராஜாங்கமும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவருமே சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை நனைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பாக்கியம் என் காதில் சொன்னார். இலை போடுவதற்கு முன்பு படத்தைப் போட்டால் மாமா மனசு குளிரும் என்று ஆலோசனை சொன்ன மேதாவி நானேதான்.

லேப்டாப்பை டிவியில் சொருகிப் படங்களைத் தானாக ஓட விட்டேன். நடுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் படம் வந்தது. "அடி ஆத்தீ, சாமி செல கணக்கா இருக்காளே" என்றார்கள். என் உயரம் ஒரு அங்குலம் கூடியது.

இரண்டாவது படம் வந்தது.

பெண், மாப்பிள்ளை, அவர்களுக்குப் பக்கத்தில் பட்டுவேட்டி, பட்டுச்சட்டை, கழுத்தில் தடிச் சங்கிலி. சங்கிலிக்கு மேலே ஒரு செண்டுமல்லிக் கொத்து.

"யாருப்பா அது, பூந்தொட்டிக்குச் சட்டையப் போட்டு நிறுத்துனது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மூன்றாவது படத்திலும் செண்டுமல்லி. நான்காவதில் யாரோ தம்பதியை வாழ்த்துகிறார்கள், செண்டுமல்லி அவர்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்கிறது. அடுத்ததில் கௌசல்யா ஆசையாக ஒரு லட்டை எடுத்துப் பூவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்துகிற பட்டன் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோனது. என் பெயரே மறந்துபோயிருந்த நேரம் அது.

"அந்தக் கையில இருக்குற வாட்ச்சு" என்று பாக்கியம் மெதுவாகச் சொன்னார். "எங்க அண்ணன் வாட்ச்சுல்ல?"

எல்லோரும் திரும்பிப் பெருமாள்சாமியின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அதே வாட்ச்தான். அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பல வருடத்துக்குப் பிறகு ராஜாங்கத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"அன்னைக்கு எலுமிச்சம்பழம் அளவுக்காவது வச்சிருந்தீக மாப்ள. இன்னைக்கு அதுவும் இல்ல. கொள்ளாம். நல்லாருங்க."

"மச்சான், எம் மக மேல சத்தியமா எனக்கு ஒன்னும் தெரியாது! ஏத்தா மலரு, என்னத்தா செஞ்சு வச்சிருக்க?" ராஜாங்கம் என் பக்கம் திரும்பிக் கீச்சிட்டார்.

"அண்ணே, நில்லுண்ணே, எல போட்டாச்சுண்ணே" என்று பாக்கியம் வாசல் வரை ஓடினார். கையில் கரண்டி இருந்தது. கண்ணில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நான் அழித்தது என்ன என்று எனக்கு உறைத்தது. அந்த அம்மா பஸ் ஏறிப் போய் அழைத்துவந்த அண்ணனை நான் ஒரு வட்டம் போட்டு அழித்திருக்கிறேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயரைக் கழற்றவில்லை. டிவியும் என்னோடு கல்யாண ஊர்வலம் வரப் பார்த்தது, மாப்பிள்ளை பாய்ந்து பிடித்துக்கொண்டார். ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"ஐயா, நா அழிச்சது உங்கள இல்ல. காத்தாடிய."

"எந்தா?"

"காத்தாடிய்யா. ஸ்டாண்டு காத்தாடி. மேடையில அங்கன நின்னுச்சு. அதத் தூக்குன பெறகு நீங்க வந்து அதே எடத்துல நின்னுட்டீக. அத அழிச்ச எடத்துலயே எல்லாப் படத்துலயும் அழிஞ்சு போச்சு. நீங்க ஒரு அடி இங்கிட்டுத் தள்ளி நின்னுருந்தாலும் தப்பிச்சிருப்பீக."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். (அவருக்கு இல்லாத தலை எனக்கு இருக்கிறதே என்று பார்த்தாரோ என்னவோ.)

"தாய்மாமன் எதுக்குத்தா தள்ளி நிக்கணும்?"

லேப்டாப்பை ஜீப் பானட் மேல் வைத்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தக் கல்யாணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அசல் படங்களின் மேல் கை வைக்காதது. அவற்றை அப்படியே இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். எடிட்டிங் என்பது அசலுக்கு மேல் சொன்ன கட்டளை மட்டும்தான், கட்டளையை எடுத்துவிட்டால் அசல் அப்படியே இருக்கும். லட்டுப் படத்தைத் திறந்து, அந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பட்டனைத் தட்டினேன்.

செண்டுமல்லி போனது. உருமாவும் மீசையுமாகப் பெருமாள்சாமி வந்து நின்றார்.

"வந்துட்டாக! மாமா வந்துட்டாக!" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து கௌசல்யா கத்தினாள். கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட அவ்வளவு சத்தம் வரவில்லை. "எல்லாத்துலயும் இருக்காகளா பாருங்க" என்று அவளே என் கையைப் பிடித்து இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். பெருமாள்சாமியை யாரும் இழுக்கவில்லை. அவராகவே பின்னால் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிவியில் ஒவ்வொரு படமாகத் தலையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். நாலைந்து படம் போனதும் கைதட்டல் குறைந்தது. எல்லோரும் ஒரே விஷயத்தைக் கவனித்துவிட்டார்கள். மேடையில் மற்றவர்கள் அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெருமாள்சாமி மட்டும் மருமகளைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார். ஒரு படத்தில் கண் நிறைந்திருக்கிறது, அடுத்ததில் கன்னத்தில் வழிகிறது, அதற்கடுத்ததில் உருமா நுனியால் மூக்கைத் துடைக்கிறார். லட்டை வாயில் வைத்துக்கொண்டும் அழுகிறார்.

"ஏண்ணே" என்றார் பாக்கியம். "அம்புட்டு நேரமுமா அழுதுட்டு நின்னீக?"

"பொக கண்ணுல பட்டுச்சு."

"மேடையில ஏதுண்ணே பொக?"

அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குனியச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "ஏத்தா, அந்தக் கண்ணீர மட்டும் அழிக்க முடியுமா?" என்றார்.

முடியும். எனக்கு அது ரொம்பச் சின்ன வேலை. கன்னத்தில் ஒரு கோடு, கண்ணில் ஒரு புள்ளி, ஆளே சிரித்த மாதிரி ஆகிவிடுவார். ஆனால் அதுவரை பயத்தில் ஒடுங்கி நின்ற எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"முடியும்ய்யா. செய்ய மாட்டேன்" என்றேன்.

"அழிக்காதத்தா" என்றார் ராஜாங்கம். எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், யாராவது வந்து அழித்துவிடுவார்களோ என்று. "இந்தப் படத்தத்தான் பெருசாப் போடணும். மொறம் அளவுக்கு இல்ல, கதவு அளவுக்குப் போடு. மச்சான், அன்னைக்கு ஃப்ளெக்ஸுல நா செஞ்சது தப்புதான். வாங்க, சாப்புடுவோம்."

பெருமாள்சாமி இன்னும் கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்தார். பிறகு, "அந்த ராஜாங்கம் மாப்ள நிக்கிற படம் ஒன்னு இருக்கும் பாரு, அதுல அவரு தலைய ஒருக்கா அழிச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். ராஜாங்கம் தோளில் செண்டுமல்லி பூத்தது. பெருமாள்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இலைக்குப் போனார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் அண்ணன் இலையில் வைத்த கறியை இரண்டு ஆள் சாப்பிடலாம். நான் அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். எனக்கும் புகை கண்ணில் பட்டது.

இப்போது புதிதாகத் தொழிலுக்கு வருகிற பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். வேகமாக முடிப்பது எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். நிறத்தைப் பரப்பு, வெளிச்சத்தைப் பரப்பு, அழிப்பதை மட்டும் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து செய் என்பேன். அசலை இரண்டு இடத்தில் வை. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார், நடுவில் இருக்கிற முகத்தையும் பார். ஏன் அக்கா என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும். பெருமாள்சாமிக்குக் கம்பம் வரைக்கும் 'காத்தாடி மாமா' என்றுதான் பெயர். ராஜாங்கம் வீட்டில் எந்த விசேஷமானாலும், நான் கேமராவைத் தூக்கினால் கூட்டத்தில் யாராவது ஒருவர் "காத்தாடிய எடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். "மாமா நகந்துக்கங்க!" என்று இன்னொருவர் கத்துவார். அவர் இன்றுவரை நகர்ந்ததில்லை.

கௌசல்யா மகளுக்குக் காது குத்தியபோது வைத்த ஃப்ளெக்ஸை வடிவமைத்தது நான்தான். அதில் பெருமாள்சாமி முகம் எவ்வளவு பெரிது என்றால், குழந்தையின் படத்தை அவர் மீசைக்குப் பக்கத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணீரோடு இருக்கிற படம். அவரே அதன் கீழே நின்று வருகிறவர்களிடம், "இந்தப் பிள்ளதான் என் தலைய எடுத்தவ" என்று என்னை அறிமுகப்படுத்தினார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

போன வருடம் சின்னமனூரில் பெரிய இடமாகப் பார்த்து ஸ்டூடியோவை மாற்றினேன். திறப்பு விழா அன்று காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ராஜாங்கமும் பெருமாள்சாமியும் பின்னாலிருந்து எதையோ சேர்ந்து இறக்கினார்கள். பூ, பழம், தேங்காய், தட்டு எல்லாம் வந்தது, முறைப்படி சீர். கடைசியாகப் புத்தம்புது ஸ்டாண்டு காத்தாடி ஒன்று வந்தது. அதன் தலையில் பட்டு உருமா கட்டியிருந்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்போது எடுத்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், இரண்டும்.

அந்தப் படம் ஸ்டூடியோவின் நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. நடுவில் நான், ஒரு பக்கம் காத்தாடி, மறுபக்கம் மாமா. அதில் நிறம் மட்டும் கொஞ்சம் சரிசெய்தேன். வேறு எதையும் தொடவில்லை.